வலது பக்கத்துக் கேன் தண்ணீர்

என் அண்ணியாக வீட்டுக்கு வருவதற்கு முன்பே, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸைக் காலி செய்த லூர்துவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. செத்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். கல்லறைத் திருநாள் வருகிறது. இந்த வருஷம் பூவும் மெழுகுவர்த்தியும் மட்டும் போதாது, அவரவர் வீட்டில் இறந்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், கோயிலின் பங்கு மலரில் போடலாம் என்று ஃபாதர் பூசை முடிவில் சொன்னார். எல்லாரும் பரலோகத்தைப் பற்றி உருக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் உன் சைக்கிள் செயினைப் பற்றி எழுதுகிறேன். ஊரே படிக்கும். படித்தால் படிக்கட்டும்.

நீ போனது தை மாதக் கடைசியில். பாத்திகளில் தண்ணீர் ஏற்றி, புது உப்பு பூக்க ஆரம்பித்த நேரம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாய். "சகாயம், உங்கண்ணனுக்குத் தண்ணி குடு. அவரு தானா கேட்டுக் குடிக்கமாட்டாரு. எதிர்ல நின்னு குடுக்கணும்." பீரோ சாவி எங்கே வைத்தாய் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாய். அதை வெகுநாள் தேடினோம்.

வெளியூர்க்காரர்கள் யாராவது படித்தால் புரியவேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உப்பளத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர்தான், குடிக்க ஒரு வாய் கிடையாது. ரோட்டிலிருந்து உள்பாத்திக்கு வரப்பில் நடந்து போய்த் திரும்புவதற்குள் உச்சி காய்ந்துவிடும். அதனால் சைக்கிளின் பின்னால் இரண்டு பக்கமும் கேன் மாட்டி, நல்ல தண்ணீர் பிடித்து, வரப்பு வரப்பாகப் போய் வேலை செய்கிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பது உன் வேலை. நீ வந்து நின்றால் குடிப்பார்கள். வராவிட்டால், வேலையைப் போட்டுவிட்டு யாரும் ரோட்டுக்கு நடக்கமாட்டார்கள். உன் புருஷன், என் அண்ணன் சவரிமுத்து, நீ வந்து நின்றாலும் குடிக்காத ஆள். டம்ளரை மூக்குக்கு நேராக நீட்டினால்தான் வாங்குவார்.

உன்னை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, உப்பள மேஸ்திரி கோவிந்தன் வாசலில் வந்து நின்றார். துக்கம் கேட்கத்தான் வந்தார். ஆனால் கண் முழுக்க சுவரில் சாத்தியிருந்த உன் சைக்கிளின் மேல் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா. தண்ணிக்கு ஆள் வேணும். உங்க வூட்ல யாராவது வர்றீங்கன்னா சரி. இல்லன்னா லோடு வண்டியில ஒரு டிரம் கொண்டாந்து ரோட்டாண்ட வெச்சிடறேன்."

"ரோட்டாண்ட வெச்சா யாருங்க வந்து குடிப்பாங்க?"

"தாகம் எடுத்தா வருவாங்க."

எனக்கு வந்த கோபத்தில், நான் வருகிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். மருந்துக் கடையில் மின்விசிறிக்குக் கீழே நின்று மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், மறுநாள் உன் சைக்கிளில் ஏறினேன். பொம்மையார்பாளையத்தில் விடுதியைக் காலி செய்து ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரப் பெண் விட்டுப்போன சைக்கிள். தடித்த டயர், கியர், செயினுக்கு மூடி கிடையாது. நீ அதை முதன்முதலாக ஓட்டிக்கொண்டு வந்தபோது தெருவே சிரித்தது நினைவிருக்கிறதா? என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பாவம் என்று பார்த்தார்கள். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நீ சொன்னதைச் செய்தேன் லூர்து. அண்ணன் எதிரில் நின்றேன். "இப்பதான் வேலையில எறங்குனேன், அப்பால குடிக்கிறேன் போ" என்பார். "நீ குடிச்சாதான் நான் போவேன்" என்பேன். வெயிலில் இருவரும் முறைத்துக்கொண்டு நிற்போம். பிறகு வாங்கிக் குடிப்பார். குடிக்கும்போது என்னைப் பார்க்கமாட்டார், உன் சைக்கிளைப் பார்ப்பார்.

உன் கையில் இருந்தவரை வாயே திறக்காத அந்தச் செயின், என்னிடம் வந்து மாசி முடிவதற்குள் கத்த ஆரம்பித்தது. மிதிக்கு மிதி கீச்சென்றது. நீ அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் போட்டு நான் பார்த்ததில்லை. அப்புறம் எனக்கு மட்டும் ஏன் கத்துகிறது? பாத்தியில் ஒருத்தி, "உங்க அண்ணி வந்தா சத்தமே இருக்காது" என்றாள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மேஸ்திரி லாரியில் வடித்த பழைய ஆயிலைக் கொடுத்தார். பக்கத்து வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் கிடைத்தது. காலில் உப்பு அறுக்காமல் இருக்க நாம் பூசிக்கொள்கிற தேங்காய் எண்ணெயையே அதற்கும் பூசு என்றார் அண்ணன். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எதைப் போட்டாலும் ஒரு நாள் நன்றாகப் போகும். மறுநாள், காற்றில் பறக்கிற உப்புத் தூளும் மண்ணும் அந்த எண்ணெயில் ஒட்டிக் கறுப்புக் களிம்பாகிவிடும். பல்சக்கரம் அதை அரைத்துக்கொண்டே போகும். என் சுடிதார் பேன்ட்டில் அந்தக் கறை இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆரில் சென்னையிலிருந்து சைக்கிள்காரர்கள் கூட்டமாக வருவார்களே, நீ நின்று வேடிக்கை பார்ப்பாயே. அனுமந்தையில் நுங்கு வாங்க நின்றபோது அவர்களில் ஒரு பெண் என் பக்கத்தில் நின்றாள். அவள் சைக்கிள் செயின் பளபளவென்று இருந்தது. கேட்காமல் கொள்ளாமல் விரலால் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இதுக்கு என்னா எண்ணெய்ங்க போடுறீங்க?"

"எண்ணெய் இல்லக்கா, ட்ரை லூப். மெழுகு மாதிரி. போட்டா காஞ்சிடும், தூசி ஒட்டாது. மழையில மட்டும் நிக்காது, போயிடும்."

"இங்க மழ எங்கங்க இருக்குது இப்ப?"

"அப்ப தாராளமா போடுங்க. ஆனா செயின நல்லா கழுவி, காயவெச்சி, அதுக்கப்புறம்தான் போடணும். அழுக்கு மேல போட்டா வேஸ்ட்டு."

அதன் பிறகு நான் போனும் கையுமாக இருந்தேன். ஈரமான இடத்துக்கு ஒரு வகை, தூசி பறக்கிற இடத்துக்கு ஒரு வகை என்று போட்டிருந்தது. கடலோரம் என்றால் ஈரத்துக்கு உள்ளதை வாங்கு என்றது ஒரு பக்கம். மண்ணும் தூளும் என்றால் ட்ரை லூப்தான் என்றது இன்னொரு பக்கம். நமக்குத்தான் இரண்டும் இருக்கிறதே, எதை வாங்குவது? கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை, அதனால்தான் பிறந்த வீட்டுக்கே திரும்பினேன் என்று நீ சொல்வாய். கடைசியில் அண்ணனைக் கேட்டேன்.

"ஈரமானது எதுவும் நமக்கு ஆவாது. காயறதையே வாங்கு" என்றார்.

உப்பு விளைவிக்கிறவரைக் கேட்டால் வேறென்ன சொல்வார்? ட்ரை லூப்பையே வரவழைத்தேன்.

சின்னக் குப்பி வந்தது. உள்ளே பால் போல வெள்ளையாக இருந்தது. மதியம் எல்லாரும் கொட்டகை நிழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் செயினைக் கழற்றினார். வாய்க்காலில் போட்டு அலசினார். தேங்காய் நாரால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தார். பலகை, கூடை, மண்வெட்டி, எங்கள் கால்கள் எல்லாவற்றையும் எங்கே கழுவுகிறோமோ அதே வாய்க்கால், பாத்திக்குப் போகிற அதே உப்புத் தண்ணீர். பக்கத்திலேயே கேனில் பாதிக்கு மேல் நல்ல தண்ணீர் இருந்தது. அது எங்கள் இருவர் புத்தியிலும் படவில்லை. உப்பளத்தில் நல்ல தண்ணீர் குடிப்பதற்கு மட்டும்தான். அது பாத்தியில் விழுந்தால் அதற்குப் பெயர் மழை, விளைந்த உப்பெல்லாம் போய்விடும். பொருளை வாய்க்காலில் கழுவு, வெயிலில் காயவை, மேலே பூத்த வெள்ளையைத் தட்டிவிடு. எங்களுக்குத் தெரிந்த சுத்தம் அவ்வளவுதான்.

செயின் வரப்பில் கிடந்து மொறுமொறுவென்று காய்ந்தது. அண்ணன் அதை உதறி, பிரஷ்ஷால் தட்டி, மாட்டிவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டுக்கொண்டே வந்தார். திடீரென்று, "லூர்துக்கு நான் ஒரு சென்ட்டு பாட்டில் வாங்கித் தந்ததில்ல. அவ சைக்கிளுக்குப் பூசறேன் பாரு" என்று சொல்லிச் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான். நானும் சிரித்தேன். கொட்டகையில் இருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் பிழைத்துக்கொள்வோம் என்று அன்றைக்கு நான் நிஜமாகவே நினைத்தேன்.

சைக்கிள் வெண்ணெயாக ஓடியது. சத்தம் இல்லை, கறுப்பு இல்லை. "லூர்து வர்ற மாதிரியே இருக்குது" என்று அதே பெண் சொன்னாள். நான் அதை ஒரு நாள் முழுக்க நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். வாராவாரம் அதே மாதிரி வாய்க்காலில் அலசி, வெயிலில் போட்டு, குப்பியிலிருந்து சொட்டுவிட்டோம். நான் எவ்வளவு பொறுப்பானவள் என்று உனக்குத் தெரியுமே. கேனில் மிச்சமாகிற தண்ணீரைக்கூட வீணாக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து முருங்கைக்கு ஊற்றினேன். முருங்கை இந்த வருஷம் காய்த்த மாதிரி என்றைக்கும் காய்த்ததில்லை.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள், உள்பாத்திக்குப் போகும் வழியில், மேட்டில் ஏற ஒரு அழுத்து அழுத்தினேன். பட்டென்று செயின் அறுந்தது. நானும் சைக்கிளும் இரண்டு கேனும் பாத்திக்குள் விழுந்தோம். மூடி தெறித்து நல்ல தண்ணீரெல்லாம் உப்பில் கலந்துவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, யாரையோ கெஞ்சி வண்டி வாங்கி, மறுபடி தண்ணீர் பிடித்து, தலையில் சுமந்து நான் போய்ச் சேர்வதற்குள் வேலையில் இருந்த பெண்களில் சிலர் வரப்பிலேயே படுத்துவிட்டார்கள். அண்ணன் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. "எங்கனா அடி பட்டுச்சா உனக்கு?" என்றுதான் கேட்டார். தண்ணீரைக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ரோட்டோரம் நீல டிரம் நின்றது.

மரக்காணம் சைக்கிள் கடை பாயிடம் அறுந்த செயினைக் கொண்டுபோனேன். ஒரு கண்ணியை நெம்பித் திறந்து காட்டினார். மேலே மினுமினுவென்று மெழுகு. உள்ளே உப்பு உட்கார்ந்து, ஊசி மாதிரி மெலிந்துபோன கம்பி.

"எதுலம்மா கழுவுனீங்க?"

சொன்னேன்.

"உப்ப உள்ள வெச்சி மேல மூடி போட்ட மாதிரி ஆயிடுச்சி. நல்ல தண்ணியில அலசிட்டு இதே லூப்ப போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது." அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "லூர்தும்மா போன வருஷம் பிரேக்குக்கு வந்தப்ப இதே செயின்தானே. நல்லா இருந்துதே. அவங்க தெனம் நல்ல தண்ணி ஊத்துவாங்களா?"

"அவளா? அவ சைக்கிள தொடைச்சிகூட நான் பாத்ததில்லீங்க" என்றேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான், பாதி வழியில், எனக்குப் புரிந்தது. சாயங்காலம் ரோட்டுக்கு வந்ததும் நீ என்ன செய்வாய்? மிச்சத் தண்ணீரைச் சுமந்துகொண்டு மிதிக்க உனக்குச் சோம்பல். கேனைக் கழற்றிக் கவிழ்க்க அதைவிடச் சோம்பல். வலது பக்கத்துக் கேனின் மூடியைத் திறந்து, சைக்கிளையே அந்தப் பக்கம் சாய்த்துவிடுவாய். தண்ணீர் கொடகொடவென்று செயின் மேலும் பல்சக்கரத்தின் மேலும் கொட்டிக்கொண்டு போகும். "எங்கூட்டு மகாராணிக்குக் கேன் கழட்ட கை வலிக்குது" என்று நானே எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன். நீயும் தெரிந்து செய்யவில்லை, நானும் தெரிந்து கேலி செய்யவில்லை. உன் சோம்பேறித்தனம் அந்தச் செயினை வருஷக்கணக்கில் காப்பாற்றியிருக்கிறது. என் பொறுப்பு அதை மூன்று மாதத்தில் தின்றுவிட்டது. ரோட்டில் நின்று உன்னைத் திட்டினேன். சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா? ஆனால் தெரியாத ஒன்றை நீ எப்படிச் சொல்வாய்?

புதுச் செயின் மாட்டினேன். நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, காயவைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"மொதலாளி லோடு வண்டிய சீசன் முழுக்கப் பேசிட்டாரும்மா. டிரம்மு இருக்குது. அப்பறம் சைக்கிள் எதுக்கு?"

"யாரும் போய்க் குடிக்கலீங்களே."

"குடிக்காததுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?"

அவரையும் குறை சொல்ல முடியவில்லை. டிரம் வெயிலில் நின்று கொதித்தது. ஒன்றிரண்டு பேர் போனார்கள், பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள். அண்ணனுக்கு மட்டுமாவது என்று காலையில் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். சாயங்காலம் காலியாக வரும். நான் நிம்மதியாக இருந்தேன். பிறகு பாத்தியில் விசாரித்தால், பக்கத்தில் இருக்கிற பெண்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிடுகிறார் என்றார்கள். கேட்டதற்கு, "எல்லாரும் பாத்துக்கினு நிக்க நான் மட்டும் எப்டிம்மா குடிக்கிறது?" என்றார். அந்த ஆளை நீதான் கட்டிக்கொண்டாய். நான் என்ன செய்யட்டும்?

ஆவணி முடிவில் அவர் கால் வீங்கியது. உப்புத் தண்ணீரில் நின்றதால் என்று நினைத்தோம். முகமும் வீங்கியது. சாப்பிட்டது தங்கவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். வருஷக்கணக்காகக் கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது, இந்தக் கோடையில் முழுசாகக் கைவிட்டுவிட்டது என்று அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். செயின் அறுந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நீ எனக்காகச் சொல்வாய். இருக்கலாம். டாக்டரிடம் நான் செயினைப் பற்றிக் கேட்கவில்லை.

இப்போது கிளியனூர் வழியாகப் போகிற பஸ்ஸில் அவரைக் கூட்டிப் போய், மெஷினில் ரத்தம் சுத்தம் செய்து கூட்டி வருகிறேன். உப்பு சேர்க்கக்கூடாது. தண்ணீர் அளந்துதான் குடிக்கவேண்டும். மருந்து விழுங்குகிற தண்ணீரும் அந்த அளவில் சேர்ந்ததுதான். இதைக் கேட்டதும் அண்ணன் டாக்டரைப் பார்த்து, "உப்பையும் எடுத்துட்டீங்க, தண்ணியையும் எடுத்துட்டீங்க. அப்ப நான் என்னாத்துக்குங்க?" என்றார். விளையாட்டாகச் சொல்வது போலத்தான் சொன்னார். அந்த அம்மா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

லூர்து, உனக்குச் சொல்லத் தயங்கித் தயங்கி இவ்வளவு தூரம் எழுதியது இதற்காகத்தான். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் தண்ணீர் கேட்காத என் அண்ணன் இப்போது கேட்கிறார். "சகாயம், இன்னும் ஒரு வாய் குடும்மா." நான் இல்லை என்கிறேன். குடத்தை உள்ளே எடுத்து வைக்கிறேன். முற்றத்துக் குழாயை இறுக்கி மூடுகிறேன். முகம் கழுவும்போது ஒரு கை அள்ளிவிடுவாரோ என்று பக்கத்திலேயே நிற்கிறேன். எதிரில் நின்று கொடு என்றாய். எதிரில்தான் நிற்கிறேன், அது மட்டும் மாறவில்லை. நீ கேட்டதை என்னால் செய்ய முடியாமல் போயிற்று. இனிமேல் செய்யவும் முடியாது. அவர் தேறி வருவார் என்று யாரும் சொல்லவில்லை, நானும் என்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை.

வெளியே மழை பிடித்துவிட்டது. பாத்திகளெல்லாம் மூழ்கிவிட்டன. சைக்கிள் தாழ்வாரத்தில் நிற்கிறது. சாரலில் செயினில் போட்டதெல்லாம் போயிருக்கும், அந்தப் பெண் அன்றைக்கே சொன்னாளே. மறுபடி துடைத்துப் போடுகிறேன். எங்கும் போகாத சைக்கிளுக்கு எதற்கு என்று அண்ணன் கேட்கவில்லை. குப்பியைக் கேட்டு வாங்கி, சொட்டுவிடுகிற வேலையை அவரே செய்கிறார்.

கல்லறைத் திருநாளன்று எல்லாரும் உனக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், மழையில் அது நிற்காது. நான் சைக்கிளில் வருவேன். வலது பக்கத்துக் கேனில் நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவேன். அண்ணன் கேட்டு நான் கொடுக்காத தண்ணீர் அது. கேனைக் கழற்றமாட்டேன் லூர்து, சத்தியமாகக் கழற்றமாட்டேன். மூடியை மட்டும் திறந்து, சைக்கிளை அப்படியே உன் பக்கம் சாய்ப்பேன்.

இன்னும் அவர் எதிரில் நின்றுகொண்டிருக்கிற
உன் நாத்தனார்,
சகாயம்